இரு கோல், ஒரு கயிறு, ஓர் உடுக்கை

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

பம்பரத்தை அறியாதவர் நம் கல்லூரியில் எவரும் இருக்க முடியாது. ஆணி முனையில் நின்று சுழலும் அந்த மரக்கட்டைக்கு அயல்நாட்டில் ஓர் உறவு உண்டு. அது தரையில் ஆடுவதில்லை. கயிற்றின் மேலேயே ஆடும். அதற்கு டயபோலோ என்று பெயர். இரண்டு கிண்ணங்களை முதுகோடு முதுகாக ஒட்டவைத்தால் கிடைக்கும் உருவம் அது. அம்மன் கோயில் பூசாரி கையிலிருக்கும் உடுக்கையை நினைத்துக்கொண்டால் போதும். ஒடுங்கிய அதன் இடுப்பைக் கயிறு தாங்குகிறது. கயிற்றின் இரு முனைகளும் இரு கோல்களில் கட்டப்பட்டிருக்கும். ஆடுபவர் கையில் இருப்பவை அந்தக் கோல்கள் மட்டுமே.

இதன் தாய்வீடு சீனா. அங்கே இதனை ‘கோங்சூ’ என்கிறார்கள். உள்ளீடற்ற மூங்கில் என்று பொருள். மூங்கிலாலும் மரத்தாலும் செய்து, ஓரத்தில் சிறு பிளவுகள் விட்டிருப்பார்கள். வேகம் ஏறியதும் காற்று அப்பிளவுகளில் புகுந்து ரீங்காரம் எழும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இது ஐரோப்பாவை அடைந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இதைப் ‘பேய்’ என்றே அழைத்தார்கள். பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஸ்தாவ் பிலிப்பார் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் இதனைத் திருத்தியமைத்து, கிரேக்கச் சொற்களிலிருந்து ‘டயபோலோ’ என்று பெயரும் சூட்டினார். ‘குறுக்கே எறிதல்’ என்பது அதன் பொருள். 1907-ஆம் ஆண்டை ஒட்டி பாரிஸிலும் லண்டனிலும் இது ஒரு பித்தாகவே பரவியது. சீன அரசு 2006-ஆம் ஆண்டில் தன் நாட்டின் மரபுக் கலைகளுக்கான முதல் பட்டியலில் இதற்கும் இடமளித்தது.

பண்ருட்டிப் பெண்ணுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் தெருவில் பம்பரம் ஆண்பிள்ளைகளின் சொத்து. சாட்டையைச் சுற்றி ஓங்கி அடிப்பது, வட்டத்துக்குள் கிடக்கும் பம்பரத்துக்கு ஆக்கர் வைப்பது, சுழலும் பம்பரத்தைச் சாட்டையால் சுண்டிக் கையில் ஏந்துவது எல்லாம் அவர்களுக்கு. எங்களுக்குத் திண்ணையும் தட்டாங்கல்லும். ஓரமாக நின்று பார்த்ததோடு என் பம்பர வாழ்வு முடிந்தது. இரண்டாம் ஆண்டில் சுழல் இயக்கம் பற்றிப் பாடம் நடந்தபோது, பேராசிரியர் ஒரு மிதிவண்டிச் சக்கரத்தைச் சுழலவிட்டு, அதன் அச்சின் ஒரு முனையை மட்டும் கயிற்றில் தொங்கவிட்டுக் காட்டினார். சக்கரம் கீழே சாயாமல் மெல்ல வட்டமிட்டது. அன்று மாலை அதைப் பற்றிக் கைப்பேசியில் தேடியபோதுதான் டயபோலோ ஆட்டத்தைக் கண்டேன். தெருவில் எனக்குக் கிடைக்காத பம்பரம் வேறு உருவில் வந்து நின்றதாகவே தோன்றியது.

பம்பரம் நிற்கும் காரணமே இதற்கும் காரணம். சுழலும் பொருளுக்குக் கோண உந்தம் உண்டு. அது தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடுக்காது. எடை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதே எடையை இரு மடங்கு தூரத்தில் வைத்தால் நிலைமத் திருப்புத்திறன் நான்கு மடங்காகிறது. ஆகவேதான் கிண்ணத்தின் விளிம்பு தடித்தும் நடுப்பகுதி மெலிந்தும் இருக்க வேண்டும். நான் ஒரே மாதிரியான இரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்களை வாங்கி, அடிப்புறம் சேரவைத்து, இடையில் வாஷர்களை அடுக்கி, போல்ட்டும் நட்டும் கொண்டு முடுக்கினேன். விளிம்பைச் சுற்றிப் பழைய மிதிவண்டி டியூபை வெட்டி ஒட்டினேன். வெறும் கிண்ணமாக இருந்தபோது நான்கு சுழற்சியில் தள்ளாடிய பொருள், டியூப் ஒட்டியதும் நிதானமாக நின்றது. இரு பக்கமும் எடை சமமாக இருக்கிறதா என்று பார்க்க, சுழற்றாமல் கயிற்றில் தொங்கவிட்டால் போதும். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அங்கே சிறிது டியூபை நறுக்கிவிடலாம். கடையில் விற்கும் டயபோலோ ஏறக்குறைய 12 செ.மீ. விட்டமும் 250 கிராம் எடையும் உடையது. அந்த அளவை ஒட்டியே நானும் செய்துகொண்டேன்.

இனிக் கோல்களைப் பற்றி. இதில் ஆர்வம் கொண்டவர் எல்லோரும் உடுக்கையின் மீதே கண் வைக்கிறார்கள். கோலை எவரும் பொருட்படுத்துவதில்லை. என் கருத்தில் முதல் ஒரு மாதம் ஆட்டம் வருவதும் வராததும் கோலைப் பொறுத்ததே. முதலில் நான் எடுத்தவை நவராத்திரிக்கு வாங்கி வீட்டில் கிடந்த கோலாட்டக் கழிகள். அளவு மிகப் பொருத்தம். ஓரடிக்குச் சற்று மிகுந்த நீளம், அதாவது 30 முதல் 35 செ.மீ. வரை இருந்தால் சரி. ஆனால் அவற்றின் வண்ணப்பூச்சு வியர்வை பட்டதும் வழுக்கியது. கைப்பிடியில் பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றித் தைத்தபின் அக்குறை நீங்கியது. இன்னொரு குறை அவற்றின் எடை. கோலாட்டக் கழி மற்றொரு கழியோடு மோதி ஓசை எழுப்புவதற்காகவே கனமாகக் கடையப்படுகிறது. இங்கே மோதலே கிடையாது. கனமான கோலைப் பத்து நிமிடம் அசைத்தால் மணிக்கட்டு வலிக்கும். வலிக்கும் மணிக்கட்டு தாளம் தப்பும்.

அடுத்து மூங்கில். லேசானது, மலிவானது, நம் பக்கத்தில் எளிதில் கிடைப்பது. வாங்கும்போது கவனிக்க வேண்டியது கணு. கயிறு கட்டும் முனைக்கு மிக அருகில் ஒரு கணு இருக்குமாறு வெட்ட வேண்டும். கணுவில்லாத முனையில் துளையிட்டால் ஒரு வாரத்தில் நெடுகப் பிளந்துவிடும். துளையை ஆணியடித்துப் போடாமல், காய்ச்சிய கம்பியால் சுட்டுப் போடுவது நல்லது. இரு கோல்களும் ஒரே மூங்கிலில் அடுத்தடுத்த பகுதிகளாக இருந்தால் எடை ஒத்துவரும். ஒரு கோல் கனத்தும் மற்றது லேசாகவும் இருந்தால், கை தன்னையறியாமல் ஒரு பக்கம் தாழ்ந்துகொண்டே இருக்கும். அலுமினியக் குழாயிலும் கோல் செய்யலாம். மெல்லியது, வழுவழுப்பானது, கோலைச் சுற்றிவரும் வித்தைகளுக்கு ஏற்றது. ஆனால் அறுத்த முனையை அரம் கொண்டு நன்றாக ராவி விடாவிட்டால் கயிற்றைக் கத்திபோல் அறுத்துவிடும். வெளிநாடுகளில் கார்பன் நாரால் செய்த கோல்களும் விற்கின்றன. தொடங்குபவருக்கு அவை தேவையில்லை என்பது என் எண்ணம்.

கடைசியில் எனக்கு அமைந்தவை பண்ருட்டியில் ஒரு கடைசல் பட்டறையில் செய்தவை. கட்டில் காலும் தொட்டில் கட்டையும் கடையும் முதியவர் அவர். முந்தைய நாட்களில் பம்பரம் கடைந்திருக்கிறார். இப்போது கேட்டு வருவோர் இல்லை என்றார். எங்கள் ஊர்ப் பலா, வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பெயர் பெற்றது. எனவே பலாவிலேயே செய்து தாருங்கள் என்று கேட்டேன். “அது பாட்டுக்கான மரம் பாப்பா, இவ்வளவு மெல்லிசா கடைஞ்சா ஓட்டை கிட்ட விட்டுடும்” என்று மறுத்துவிட்டார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் சாய்ந்த பலா மரங்களின் கட்டைகள் பல ஆண்டுகள் பட்டறையில் கிடந்த கதையையும் சொன்னார். பிறகு நாள்பட்ட வேம்பில், பிடிக்கும் இடம் சற்றுப் பருத்தும் முனை ஒடுங்கியும் இருக்குமாறு ஒரு சோடி கடைந்து தந்தார். கயிறு கோலின் பக்கவாட்டில் தொங்காமல் முனையின் நடுவிலிருந்தே புறப்படும்படி, உச்சியில் செங்குத்தாக ஒரு துளையும் அதைச் சந்திக்கும் குறுக்குத் துளையும் இட்டார். இந்த யோசனை முழுக்க அவருடையது. அதனால் கயிறு முறுக்கிக்கொள்வது பெரிதும் குறைந்தது.

கயிறு பற்றி ஒரு சொல். பம்பரச் சாட்டை இதற்கு ஆகாது. பருத்தி நூல் அச்சைக் கவ்விப் பிடிக்கும். உராய்வில் விரைவில் பிசிறிவிடும். வழுவழுப்பான நைலான் கயிறே மேல். நீளம் என் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரம்.

ஆட்டத்தைத் தொடங்க, உடுக்கையைத் தரையில் வலப்புறம் வைத்து, கயிற்றால் இடப்புறம் உருட்டித் தூக்க வேண்டும். அந்த உருளலே முதல் சுழற்சி. பிறகு வலக்கை மட்டும் சிறுசிறு வீச்சாக மேலே இழுக்கும். இடக்கை வெறுமனே தொடர்ந்து செல்லும். இரு கைகளும் சமமாக உழைத்தால், ஒன்று கொடுத்த வேகத்தை மற்றது பறித்துவிடும். வேகம் ஏறியதும் உடுக்கையின் ஒரு பக்கம் தாழத் தொடங்கும். இங்கேதான் அந்த மிதிவண்டிச் சக்கரம் நினைவுக்கு வர வேண்டும். தாழ்ந்த பக்கத்தை நேராக உயர்த்த முயன்றால் பயனில்லை. சுழலும் பொருள் நாம் தள்ளும் திசைக்குச் செங்குத்தாகவே விலகும். எதிர்ப்புறம் தாழ்ந்தால் வலக்கோலை நம் பக்கம் இழுத்து, இடக்கோலை முன்னே தள்ள வேண்டும். நம் பக்கம் தாழ்ந்தால் இதற்கு நேர்மாறு. உடுக்கை இடமோ வலமோ திரும்பினால் அதைத் திருத்த முற்படாமல் நாமே அதனோடு திரும்பிக்கொள்ளலாம். மொட்டை மாடியில் நான் நாள்தோறும் நாலு திசையையும் பார்த்துவிடுவேன்.

மேலே எறிந்து பிடிப்பது பார்ப்பவரை மயக்கும் வித்தை, உண்மையில் எளிது. கோல்களை விரித்துக் கயிற்றை விறைக்கச் செய்தால் உடுக்கை தானே எழும்பும். இறங்கும்போது வலக்கோலின் முனையை அதை நோக்கி நீட்டி, கயிற்றைச் சரிவாக விறைத்து, முனைக்கு அருகில் வாங்க வேண்டும். எனக்கு இது மூன்று வாரம் வரவில்லை. பட்டதும் துள்ளித் தெறித்தது. என் ஆயா முந்திரிக்கொட்டை உடைத்த கை கொண்டவர். சிறு வயதில் மூன்று எலுமிச்சம்பழங்களை ஒரே கையால் மாற்றி மாற்றி எறிந்து பிடிப்பாராம். துணி காயப்போட மாடிக்கு வந்தவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “வாங்குற கை கூடவே எறங்கணும்டி, முட்டுக்கொடுத்தா தெறிக்கத்தான் செய்யும்” என்றார். அவ்வாறே, உடுக்கை கயிற்றைத் தொட்ட கணத்தில் கோல்களைத் தாழ்த்தி நெருக்கினேன். நின்றது. மோதும் நேரத்தை நீட்டித்தால் விசை குறையும் என்று நாம் தேர்வில் எழுதுவது இதைத்தான்.

அடுத்த வித்தைக்கு நான் ‘கயிறு ஏறுதல்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். நன்றாகச் சுழலும் உடுக்கையின் அச்சில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, வலக்கோலைக் கீழேயும் இடக்கோலைத் தலைக்கு மேலேயும் பிடித்து இறுக்கினால், அது பனையேறி போலக் கயிற்றில் மேலேறும். இடப்புறம் உருளத் துடிக்கும் அதன் சுழற்சியே அதற்கு ஏணி. வேகம் போதாவிட்டால் பாதியில் நின்றுவிடும். உடுக்கையைப் பக்கவாட்டில் வீசிக் கோலைச் சுற்றிவந்து கயிற்றின் மேலேயே அமரச் செய்வது மற்றொன்று. தலைக்கு மேலாக முழு வட்டம் சுற்றுவதும் உண்டு. சுற்றி முடித்ததும் கயிற்றில் ஒரு முறுக்கு விழுந்திருக்கும், எதிர்த்திசையில் ஒரு சுற்றுச் சுற்றினால் அவிழும். ஒரே கயிற்றில் இரண்டு உடுக்கைகளை ஆட்டுவோரும் இருக்கிறார்கள். அது இன்னும் எனக்குக் கைகூடவில்லை.

“பொம்பளப் பிள்ளைக்குக் கழைக்கூத்தாடி வேலை எதற்கு?” என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். கழைக்கூத்தாடியின் கலையை இழிவாக எண்ணுவது இருக்கட்டும். எறிந்து பிடிப்பது பெண்ணுக்கு ஆகாது என்பது நம் இலக்கியம் அறியாத செய்தி. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை வரியும் கந்துக வரியும் உள்ளன. காய்களை எறிந்து பிடிப்பவரும் பந்தடிப்பவரும் மகளிரே. பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை ஒரு பருவமாகவே நிற்கிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கோ சிற்றில் சிதைப்பதும் சிறுபறை கொட்டுவதும் சிறுதேர் உருட்டுவதுமே கிடைத்தன. இதை அவர்களிடம் சொன்னேன். சிரித்தார்கள். ஆனால் மறுவாரம் அவ்வீட்டுச் சிறுமி மாடிப்படியில் வந்து நின்றாள். அவளுக்கு என் பழைய கோலாட்டக் கழிகளைக் கொடுக்கவில்லை. சிறு கைக்குக் கனம் அதிகம். மூங்கிலில் 25 செ.மீ. நீளத்துக்கு ஒரு சோடி வெட்டித் தந்தேன். இப்போது உருட்டித் தூக்கவும் சாயாமல் நிறுத்தவும் அவளுக்கு வருகிறது.

கற்க விரும்பும் தோழியர்க்கும் தோழர்க்கும்: மின்கம்பி செல்லும் இடத்தில் எறியாதீர்கள். கூரைக்குக் கீழும் வேண்டாம். கயிறு அச்சில் படும் நடுப்பகுதி முதலில் தேயும். அங்கே விரலால் தடவிப் பார்த்து, பிசிறு தட்டினால் அன்றே மாற்றிவிடுங்கள். வியாழக்கிழமைகளில் வகுப்பு முடிந்தபின் விளையாட்டுத் திடலின் வேப்பமர ஓரத்தில் இருப்பேன். என்னிடம் கூடுதலாக ஒரு சோடி கோல் இருக்கிறது.