இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறதா? ‘லேசர் போட்டால் சரியாகிவிடும்’ என்பது உண்மையா?

பலமாக ஒரு தும்மல். வாய்விட்டு ஒரு சிரிப்பு. தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும் ஒரு நொடி. அந்த நேரத்தில் தன்னை அறியாமல் சில சொட்டு சிறுநீர் கசிந்துவிடுவது ஏராளமான பெண்களுக்கு இருக்கும் பிரச்னை. ஆனால் இதை டாக்டரிடம் சொல்பவர்கள் குறைவு. கணவரிடமோ, அம்மாவிடமோகூட பலர் சொல்வதில்லை. “ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்” என்று தாங்களே சமாதானம் செய்துகொள்கிறார்கள். பஸ் ஏறும் முன் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, கல்யாண வீட்டுக்குப் போனதும் முதலில் பாத்ரூம் எங்கே என்று பார்த்து வைப்பது என வாழ்க்கையே அதைச் சுற்றி அமைந்துவிடுகிறது.

இந்தக் கூச்சத்துக்கு நடுவில்தான், ‘கத்தி இல்லை, தையல் இல்லை, கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம்’ என்று லேசர் சிகிச்சை விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன. லேசர் உண்மையிலேயே கைகொடுக்குமா? பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை என்னென்ன?

‘ஸ்ட்ரெஸ்’ என்றால் மன அழுத்தமா?

இல்லை. மருத்துவர்கள் இதை ‘ஸ்ட்ரெஸ் யூரினரி இன்கான்டினென்ஸ்’ என்று அழைக்கிறார்கள். இங்கே ‘ஸ்ட்ரெஸ்’ என்பது மனதில் வரும் அழுத்தம் அல்ல, வயிற்றுக்குள் ஏற்படும் அழுத்தம். இருமும்போதும், தும்மும்போதும், கனமான பொருளைத் தூக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி சிறுநீர்ப்பையை அமுக்குகிறது. அந்த நொடியில் சிறுநீர்ப் பாதை இறுக்கமாக மூடிக்கொள்ள வேண்டும். அதைத் தாங்கும் தசைகளும் திசுக்களும் தளர்ந்திருந்தால் மூட முடியாமல் கசிந்துவிடுகிறது.

இன்னொரு வகையும் உண்டு. திடீரென அவசரமாக வந்து, பாத்ரூம் போய்ச் சேருவதற்குள் வெளியேறிவிடுவது ‘அவசரக் கசிவு’. இதற்குக் காரணமும் சிகிச்சையும் வேறு. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். எந்த வகை என்று கண்டுபிடிக்காமல் எந்தச் சிகிச்சையில் இறங்கினாலும் பணமும் நேரமும் வீணாகலாம்.

ஏன் வருகிறது?

சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து ஒரு தொட்டில் போலத் தாங்கிப் பிடிப்பவை இடுப்புத் தளத் தசைகள். கர்ப்ப காலத்தில் கூடும் எடையாலும், சுகப்பிரசவத்தின்போதும் இவை இழுபட்டுத் தளர்கின்றன. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால் அந்தப் பகுதித் திசுக்கள் மெலிகின்றன. உடல் பருமன், நாள்பட்ட இருமல், மலச்சிக்கலால் முக்குவது, வருடக்கணக்கில் பாரம் தூக்கும் வேலை ஆகியவையும் காரணங்கள்.

லேசர் என்ன செய்கிறது?

மெல்லிய குழாய் போன்ற ஒரு கருவியைப் பெண்ணுறுப்புக்குள் செலுத்தி, அதன் வழியாக லேசர் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். பெரும்பாலும் பயன்படுவது கார்பன் டை ஆக்சைடு லேசர், எர்பியம் யாக் லேசர் என்ற இரண்டு வகைகள். லேசரின் வெப்பம் பட்டதும் திசுவில் உள்ள கொலாஜன் என்ற புரதம் சுருங்கும், பிறகு புதிய கொலாஜன் உருவாகும், அதனால் சிறுநீர்ப் பாதைக்குக் கீழே உள்ள சுவர் உறுதியாகும் என்பதுதான் இதன் அடிப்படை. சில வார இடைவெளியில் இரண்டு, மூன்று முறை செய்வது வழக்கம். மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைக்க வேண்டியதில்லை, அன்றே வீடு திரும்பலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெப்பத்தால் கொலாஜன் மாறுவது ஒரு விஷயம். அதனால் கசிவு நின்று, அது வருடக்கணக்கில் நீடிக்கிறதா என்பது வேறு விஷயம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

லேசருக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பல ஆய்வுகள், சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று ஒரே பெண்களை ஒப்பிட்டவை. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘சிகிச்சை எடுத்திருக்கிறோம்’ என்ற நம்பிக்கையே பலருக்குக் குறைந்துவிட்டதாக உணர வைக்கும். இதைத் தவிர்க்கத்தான் ‘பொய் லேசர்’ ஆய்வு செய்கிறார்கள். அதாவது ஒரு பிரிவினருக்கு உண்மையான லேசர். இன்னொரு பிரிவினருக்கு அதே கருவி, அதே நடைமுறை, ஆனால் பலன் தரும் அளவுக்குக் கதிர் பாய்ச்ச மாட்டார்கள். யாருக்கு எது என்று பெண்களுக்குத் தெரியாது.

இப்படிச் செய்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், மாதவிடாய் நிற்காத, பிரசவம் ஆன 114 பெண்களிடம் எர்பியம் யாக் லேசர் சோதிக்கப்பட்டது. உண்மையான லேசர் எடுத்தவர்களுக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அவர்களைக் கண்காணித்தது மூன்று மாதங்கள் மட்டுமே. மாறாக, 2022-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் கார்பன் டை ஆக்சைடு லேசருக்கும் பொய் லேசருக்கும் இடையே பலனில் வித்தியாசம் தெரியவில்லை.

ஆக, லேசரால் பலனே கிடையாது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. பலன் உறுதி என்று சொல்லி விற்கவும் ஆதாரம் போதாது.

அமெரிக்காவும் பிரிட்டனும் எச்சரித்தது ஏன்?

2018 ஜூலையில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ‘பெண்ணுறுப்புப் புத்துணர்ச்சி’ என்ற பெயரிலும், மாதவிடாய் நிற்றல் தொடர்பான தொந்தரவுகள், சிறுநீர்க் கசிவு ஆகியவற்றுக்கும் லேசர் உள்ளிட்ட கருவிகளைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது, பலன் தரும் என்று நிரூபிக்கப்படவில்லை என்றது. தீக்காயம், தழும்பு, தாம்பத்தியத்தின்போது வலி, தீராத வலி ஆகியவை ஏற்படலாம் என்றும் எச்சரித்தது.

பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-ல் இன்னும் தெளிவாகச் சொன்னது: இந்தக் கசிவுக்கு லேசர் பலன் தருமா, பாதுகாப்பானதா என்பதற்கான ஆதாரம் அளவிலும் போதாது, தரத்திலும் போதாது. எனவே ஆராய்ச்சிக்காக மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

அப்படியென்றால் முதலில் என்ன செய்வது?

பதில் செலவில்லாதது. இடுப்புத் தளத் தசைப் பயிற்சி. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1940-களிலேயே எழுதியதால் ‘கீகல் பயிற்சி’ என்றும் சொல்வார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் காக்ரேன் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, இந்தப் பயிற்சி செய்த பெண்களில் 56 சதவீதம் பேர் கசிவு நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். பயிற்சி செய்யாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 6 சதவீதம்தான்.

செய்யும் முறை இதுதான்:

• காற்று பிரியாமல் அடக்குவது போலவும், சிறுநீரைப் பாதியில் நிறுத்துவது போலவும் அந்தத் தசையை உள்ளே, மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும்.

• சில நொடிகள் பிடித்து, அதே அளவு நேரம் தளர விட வேண்டும். பழகப் பழக 10 நொடி வரை பிடிக்கலாம்.

• ஒரு தடவைக்கு குறைந்தது 8 முறை, நாளுக்கு 3 தடவை. குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும்.

• மூச்சை அடக்கக் கூடாது. வயிறு, தொடை, பின்பக்கம் இறுகக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது இதைப் பயிற்சியாகச் செய்யக் கூடாது.

• தும்மல் வரப்போகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே தசையை இறுக்கிப் பிடித்தால் அந்த நேரக் கசிவும் குறையும்.

“நானும் செஞ்சு பார்த்தேன், ஒண்ணும் ஆகலையே” என்பவர்கள் நிறைய பேர் தவறான தசையை இறுக்கியிருப்பார்கள், அல்லது சில நாட்களிலேயே விட்டிருப்பார்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்வது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கேட்டுப் பார்க்கலாம்.

எடை அதிகமாக இருந்தால் அதைக் குறைப்பதும் மருந்துதான். 2009-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆறு மாதத்தில் உடல் எடையில் சுமார் 8 சதவீதம் குறைத்த பெண்களுக்குக் கசிவு கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. தண்ணீரைக் குறைப்பது மட்டும் வேண்டாம். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் சேர்ந்துகொள்ளும்.

பயிற்சியிலும் சரியாகவில்லை என்றால்?

சிறுநீர்ப் பாதையைத் தாங்க உள்ளே வைக்கும் பெசரி வளையம், பாதையின் சுவரில் போடும் ஊசி, அறுவை சிகிச்சை என வழிகள் இருக்கின்றன. உடலின் சொந்தத் திசுவையே பட்டையாக எடுத்துத் தாங்கு கொடுக்கும் முறையும் உண்டு. செயற்கை வலைப் பட்டை பலருக்குப் பலன் தந்தாலும், சிலருக்குத் தீராத வலி உள்ளிட்ட பாதிப்புகள் வந்ததால் பிரிட்டன் 2018-ல் அதன் பயன்பாட்டை நிறுத்தி வைத்தது. எனவே நன்மை, தீமை இரண்டையும் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

லேசருக்குப் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

• எனக்கு இருப்பது எந்த வகைக் கசிவு? அதை எப்படி உறுதி செய்தீர்கள்?

• முறையான பயிற்சியை மூன்று மாதம் முயன்று பார்த்தாகிவிட்டதா?

• இந்தக் கருவி சிறுநீர்க் கசிவுக்கென்றே அனுமதி பெற்றதா?

• பலன் எவ்வளவு நாள் நிற்கும்? மறுபடியும் செய்ய வேண்டுமா? மொத்தச் செலவு என்ன?

• காயம் ஏற்பட்டால் சிகிச்சை அளிக்கப்போவது யார்?

இதற்கெல்லாம் நேரடியான பதில் வராமல், ‘இன்றே கட்டினால் தள்ளுபடி’ என்ற பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுவதே நல்லது.

எப்போது தாமதிக்கக் கூடாது?

சிறுநீரில் ரத்தம், எரிச்சலுடன் காய்ச்சல், கீழே ஏதோ இறங்கி வருவது போன்ற உணர்வு, பிரசவத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ பிறகு இடைவிடாமல் கசிவது, கால்களில் திடீர் பலவீனம் அல்லது மரத்துப்போவது ஆகியவை இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்றபடி இது உயிருக்கு ஆபத்தான நோய் அல்ல. ஆனால் சகித்துக்கொண்டே வாழ வேண்டிய விதியும் அல்ல. “டாக்டர், இருமினா யூரின் வருது” என்ற ஒரு வாக்கியத்தைத் தயங்காமல் சொல்லிவிட்டால் போதும், சிகிச்சை அங்கிருந்தே தொடங்கிவிடும்.