‘இப்போ’ன்னா எப்போ? மெக்ஸிகோவில் கொஞ்சம் உஷார்!

ஆபீஸ் வேலையாக மெக்ஸிகோ போகிறீர்களா? பாஸ்போர்ட், விசா ரெடி. அகராதியைப் புரட்டி நாலு ஸ்பானிஷ் வார்த்தையும் உருப்போட்டாச்சு. அங்கேதான் வம்பே ஆரம்பம்!

‘அஓரா’ என்றால் ‘இப்போது’. அதையே செல்லமாக ‘அஓரீத்தா’ என்றால் ‘இப்பவே’. இது அகராதிக் கணக்கு. நடைமுறையில்? அஞ்சு நிமிஷமாகலாம், சாயந்திரமாகலாம், வராமலே போகலாம்!

“ஃபைல் எப்போ வரும்?”

“அஓரீத்தா!”

பல்லைக் கடிக்காதீர்கள். முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்பதை அங்கே பலரும் மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். ஏமாற்றும் எண்ணமெல்லாம் கிடையாது. “எத்தனை மணிக்கு?” என்று சிரித்தபடி கேளுங்கள். பாதிப் பிரச்னை தீர்ந்தது.

நீங்கள் பேசுவது காதில் விழவில்லையென்றால் “மாந்தே?” என்பார்கள். நேர் அர்த்தம், ‘உத்தரவிடுங்கள்’. உடனே மகாராஜா ஆகிவிடாதீர்கள். “என்ன சொன்னீங்க?” என்கிறார், அவ்வளவுதான்!

“நாளைக்கு ராத்திரி உங்க வீட்ல விருந்து” என்பார் சக ஊழியர். பதறிப்போய் உங்கள் அறையைப் பெருக்கி வைக்காதீர்கள். விருந்து அவர் வீட்டில்! ‘என் வீடு உங்க வீடு மாதிரி’ என்பதை அப்படிச் சுருக்கிச் சொல்கிறார். முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டலில் சாப்பிடும்போது முன்பின் தெரியாதவர் “புரோவேச்சோ” என்றபடி கடந்து போவார். ‘நல்லாச் சாப்பிடுங்க’ என்று அர்த்தம். “கிராசியாஸ்” என்று நன்றி சொன்னால் போதும்.

பிறந்தநாள் பார்ட்டியில் “மோர்தீதா! மோர்தீதா!” என்று கத்துவார்கள். ‘கடி’ என்று அர்த்தம். கையைக் கட்டிக்கொண்டு கேக்கைக் கடிக்கக் குனிந்தால், பின்னாலிருந்து ஒரு அமுக்கு! முகமெல்லாம் க்ரீம். இன்னொரு விஷயம்: லஞ்சத்துக்கும் அங்கே ‘மோர்தீதா’தான் பெயர். அந்தக் கடி வேண்டவே வேண்டாம் ஸார்!

நவம்பர் 1, 2 தேதிகளில் அங்கே இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து போகும் நாட்கள் அவை. அவர்களுடைய போட்டோ, பிடித்த சாப்பாடு, மெழுகுவர்த்தி எல்லாம் வைத்துப் படைக்கிறார்கள். ஆபீஸ்களிலும் உண்டு. அலங்காரத்துக்குத் துலுக்க சாமந்தி. நம்மூர் மாலைகளில் இருக்கும் அந்தப் பூவுக்குத் தாய்நாடே மெக்ஸிகோதான்! 2008-ல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் இந்த வழக்கமும் இடம்பிடித்தது.

ஒரு தமாஷ்: 2015-ல் வந்த ‘ஸ்பெக்டர்’ ஜேம்ஸ்பாண்ட் படத்துக்காக மெக்ஸிகோ சிட்டியில் ஒரு பிரமாண்ட மண்டையோட்டு ஊர்வலத்தைக் கற்பனையாக எடுத்தார்கள். 2016 முதல் நகரம் நிஜமாகவே ஊர்வலம் நடத்த ஆரம்பித்துவிட்டது!

அந்தச் சமயம் யாராவது உங்கள் பெயர் எழுதிய சர்க்கரை மண்டையோட்டை நீட்டினால் அலறாதீர்கள். சாபமில்லை, பாசம்! பதிலுக்கு அவர் வீட்டுப் படையலைப் பார்த்து, “போட்டோவில் இருக்கிறது யாரு?” என்று மெல்லக் கேளுங்கள். அப்பாவைப் பற்றியோ பாட்டியைப் பற்றியோ மணிக்கணக்கில் பேசுவார். எந்த அகராதியும் வாங்கித் தராத நட்பு அது.

ஊர் திரும்பும்போது, “மறுபடி எப்போ வருவீங்க?” என்பார். கூச்சப்படாமல் சொல்லுங்கள்...

“அஓரீத்தா!”