புதிதாக ஓடுவோருக்குக் கீழ்க்காலில் வரும் வலி

அதிகாலையில் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் ஓடிப் பழகுவோரில் இரு வகையினர் உண்டு. எடையையோ சர்க்கரையையோ குறைக்க விரும்பி ஓடத் தொடங்கிய நடுவயதினர் ஒரு வகை. காவலர் தேர்வின் உடற்தகுதிச் சோதனைக்குத் தயாராகும் இளைஞர்கள் மற்றொரு வகை. அச்சோதனையில் ஆண்கள் 1500 மீட்டர் தொலைவை 7 நிமிடங்களுக்குள் கடக்க வேண்டும். எழுத்துத் தேர்வு முடிந்த பின்னரே ஓடத் தொடங்கும் பலர், நாள் தவறாமல் ஓடுகின்றனர். சில வாரங்களில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே, எலும்பின் உட்புற ஓரத்தில் வலி தோன்றுகிறது.

வலி ஏன் வருகிறது?

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. எலும்பு உயிருள்ள திசு. தேய்ந்த பகுதியை அகற்றிவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். ஆனால் அதற்குக் காலம் தேவை. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பு பழக மாதங்கள் ஆகும். மூச்சு வாங்கவில்லை என்பதற்காக ஓட்டத்தைக் கூட்டும்போதே எலும்பு பின்தங்குகிறது.

விரலால் அறியும் முறை

எலும்பின் உட்புற ஓரத்தை மேலிருந்து கீழாக மெல்ல அழுத்திப் பாருங்கள். நான்கைந்து விரல் அகலத்திற்குப் பரவலாக வலித்தால், அது பெரும்பாலும் ஓய்வில் ஆறக்கூடிய வலி. ஒரே விரல் நுனியால் சுட்டிக்காட்டும் இடத்தில் சுளீரென்று வலித்தால், எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். தொடக்க வாரங்களில் இவ்விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். எனவே, படத்தில் குறையில்லை என்றாலும் வலி நீடித்தால் மீண்டும் மருத்துவரைக் காணுங்கள்.

செய்ய வேண்டியவை

இரண்டு வாரங்கள் ஓட்டத்தை நிறுத்துங்கள். வலியில்லையெனில் நடக்கலாம், மிதிவண்டி ஓட்டலாம், நீந்தலாம். மூச்சுப் பயிற்சி வீணாகாது. துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைக்கலாம். நடக்கும்போதும் அழுத்தும்போதும் வலி இல்லை என்ற பின், ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடங்குங்கள். தார்ச்சாலையை விட மண் மைதானம் நல்லது. அடிப்பகுதி தேய்ந்த காலணியை மாற்றுங்கள். சுவரைப் பிடித்து நின்று குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி கெண்டைக்காலை வலுப்படுத்தும்.

தவிர்க்க வேண்டியவை

வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடாதீர்கள். அது எச்சரிக்கையை மறைத்துவிடும். வலிக்கும் எலும்பின் மேல் எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிட வேண்டாம். அருவிக் குளியல் உடலுக்கு இதமளிக்கும், விரிசலை ஆற்றாது. நொண்டும் காலுடன் வழுக்குப் பாறையில் நடப்பது புதிய காயத்தை வரவழைக்கும்.

உடனே மருத்துவரைக் காண வேண்டியவர்கள்

ஓய்விலும் இரவிலும் வலி இருப்பவர்கள், ஓடும்போது கால் இறுகிப் பாதம் மரத்துப்போகிறவர்கள், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பவர்கள், காலூன்ற இயலாதவர்கள். மாதவிடாய் தவறும் பெண்களுக்கு எலும்பு வலுவிழந்திருக்கக்கூடும் என்பதால் அதையும் மருத்துவரிடம் கூறுங்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தின் உணர்வு குறைந்திருக்கலாம். அவர்கள் பரிசோதனைக்குப் பின்னரே ஓடத் தொடங்க வேண்டும்.

குடும்பத்தாருக்கு

“இந்த வலியைக்கூடப் பொறுக்காவிட்டால் எப்படி வேலை கிடைக்கும்?” என்று கேட்டுவிடாதீர்கள். தேர்வு நெருங்கும்போது இரண்டு வார ஓய்வு பெரிய இழப்பாகத் தோன்றும். ஆனால் வலியோடு ஓடி நுண்விரிசல் ஏற்பட்டுவிட்டால், அது ஆற ஆறு முதல் எட்டு வாரங்களோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் சோதனை நாள் கடந்துவிடலாம். இன்று ஓய்வெடுக்கும் பிள்ளைக்குத் துணை நில்லுங்கள். சோதனை நாளன்று ஓடுவதற்கு அந்தக் கால் வேண்டும்.