போலீஸ் கேட்டும் ரத்தம் எடுக்க மறுத்த நர்ஸ்... அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது?

2017 ஜூலை 26. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக மருத்துவமனை. சாலை விபத்தில் தீக்காயமடைந்த லாரி டிரைவர் சுயநினைவில்லாமல் கிடக்கிறார். அவரது ரத்த மாதிரி வேண்டும் என்று ஒரு போலீஸ் அதிகாரி கேட்கிறார். அந்த டிரைவர் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. பணியில் இருந்த நர்ஸ் அலெக்ஸ் வபெல்ஸ் முடியாது என்கிறார். கோபமடைந்த அதிகாரி அவருக்குக் கைவிலங்கு போட்டு வெளியே இழுத்துச் செல்கிறார்.

சில வாரங்களில் அந்த வீடியோ வைரலானது. வபெல்ஸ் மீது வழக்கு எதுவும் போடப்படவில்லை. அதிகாரி பணிநீக்கம் செய்யப்பட்டார். வபெல்ஸுக்கு 5 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது.

'செம தைரியம்'னு எல்லாரும் பாராட்டினாங்க. ஆனால், வீடியோவை நல்லா கவனிச்சா இன்னும் ரெண்டு விஷயம் தெரியும்.

கையில் ஒரு தாள், போனில் ஒரு மேலதிகாரி

நோயாளியின் சம்மதம், நீதிமன்ற உத்தரவு, கைது – இதில் ஒன்றாவது இருந்தால்தான் ரத்தம் எடுக்கலாம் என்ற மருத்துவமனை விதியை அவர் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். ஸ்பீக்கர் போனில் இருந்த மேலதிகாரியும் அவர் பக்கமே நின்றார்.

அறத் திறன்னா என்ன?

ஒரு பெரியவருக்குப் புற்றுநோய். "அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்கிறது குடும்பம். நைட் ஷிஃப்ட்டில் அவர் கேட்கிறார்: "எனக்கு என்னம்மா ஆச்சு? மறைக்காம சொல்லு."

பொய் சொல்வதா, போட்டு உடைப்பதா? அவர் எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புகிறார் என்று கேட்கலாம். அதை டாக்டரிடம் கொண்டுபோகலாம். குடும்பத்தோடு உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்யலாம். இப்படிச் சிக்கலைக் கவனித்து, யோசித்து முடிவெடுத்து, அதைச் செய்துகாட்டுவதே அறத் திறன்.

தெரிஞ்சும் செய்ய முடியலைன்னா?

எது சரி என்று தெரிந்தும், நிறுவனத்தின் தடைகளால் அதைச் செய்ய முடியாத வேதனையை 'அற உளைச்சல்' என்று 1984-லேயே விளக்கினார் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்ட்டன். இது சேர்ந்துகொண்டே போனால் சிலர் மரத்துப்போகிறார்கள். சிலர் வேலையையே விடுகிறார்கள்.

என்ன உதவும்?

* தெளிவான விதி: ஃபைலுக்குள் தூங்காமல், வார்டிலேயே கைக்கு எட்டணும்.
* பேச ஒரு ஆள்: ராத்திரி 2 மணிக்கும் போனை எடுக்கும் சீனியர் வேணும்.
* ஒத்திகை: உண்மையான சிக்கல்களை முன்கூட்டியே பேசி, நடித்துப் பார்க்கணும்.
* மனம்விட்டுப் பேச இடம்: அமெரிக்காவில் தொடங்கி பிரிட்டன் வரை பரவிய 'ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ்' கூட்டங்களில் டாக்டர், நர்ஸ், மற்ற ஊழியர்கள் சேர்ந்து, வேலை தங்களை எப்படிப் பாதிக்கிறது என்று பேசுகிறார்கள். அங்கே யார் மீதும் பழி போடுவதில்லை.

நம்ம ஊரில்?

சர்வதேச செவிலியர் கவுன்சில் 1953-லேயே நெறிமுறை வகுத்தது. 2021-ல் அதைப் புதுப்பித்தது. இந்திய நர்சிங் கவுன்சிலுக்கும் தனி நெறிமுறை உண்டு. ஆனால், "ஏன் டாக்டர்கிட்ட எதிர்த்துப் பேசின?" என்று கேட்கும் வார்டில் அந்த நெறிமுறை வெறும் பரீட்சைப் பாடம்தான்.

இது நர்ஸ்களின் பிரச்சினை மட்டும் இல்லை. நாளை நாம் நினைவில்லாமல் படுத்திருந்தால், நமக்காக 'வேண்டாம்' என்று சொல்ல பக்கத்தில் ஒரு நர்ஸ் மட்டுமே இருக்கலாம். அப்போது அவர் போன் செய்தால், மறுமுனையில் யாராவது எடுக்கணும்.