சுருள்முடிப் பூனைகள் (ரெக்ஸ் இனங்கள்)

ரெக்ஸ் என்பது சுருண்ட அல்லது அலையலையான முடியுடைய வீட்டுப்பூனை இனங்கள் பலவற்றுக்குப் பொதுவாக வழங்கும் பெயர். இவற்றுள் முதன்முதலில் தனி இனமாகப் பேணி வளர்க்கப்பட்டது, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் 1950ஆம் ஆண்டு பிறந்த கார்னிஷ் ரெக்ஸ். அதற்குப் பின் டெவன் ரெக்ஸ், ஜெர்மன் ரெக்ஸ், செல்கர்க் ரெக்ஸ், லாபெர்ம் எனப் பல இனங்கள் அறியப்பட்டன. பெயர் ஒன்றாக இருப்பதால் இவையெல்லாம் ஒரே குடும்பத்துக் கிளைகள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இவற்றுள் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு மரபணுப் பிழைகளால், தற்செயலாகத் தோன்றியவை. இந்த வேறுபாடு ஓர் இனக்கலப்பின் எதிர்பாராத விளைவின் மூலம் தெரியவந்தது. ரெக்ஸ் பூனைகளின் வரலாற்றில் மாணவர்கள் கவனிக்கவேண்டிய இடம் அதுவே.

முதல் சுருள்முடிக் குட்டி

1950 ஜூலை 21 அன்று, கார்ன்வாலின் போட்மின் மூர் என்ற கரட்டு நிலத்துப் பண்ணை ஒன்றில் செரினா என்ற பூனை ஐந்து குட்டிகளை ஈன்றது. செரினா சாதாரணப் பண்ணைப் பூனைதான். கறுப்பும் செம்மையும் கலந்து இடையிடையே வெள்ளை படர்ந்த உடல். நான்கு குட்டிகள் வழக்கமான நேர்முடியோடு பிறந்தன. வெளிர்மஞ்சள் நிறக் கடுவன் ஒன்றின் உடல் மட்டும் முழுக்கச் சுருள் சுருளாக இருந்தது. அதற்குக் காலிபங்கர் என்று பெயரிட்டார்கள்.

பூனையின் உரிமையாளர் நைனா என்னிஸ்மோர் என்ற பெண்மணி. அவர் முன்பு முயல் வளர்த்தவர், அதிலும் ரெக்ஸ் முயல்கள். இந்த முயல்கள் 1919இல் பிரான்சில் தோன்றியவை. உடலை மூடும் நீண்ட மேல்முடி இல்லாமல் வெல்வெட்டுத் துணி போன்ற தோலுடையவை. குட்டியின் முடியைக் கண்டதும் அவருக்கு அந்த முயல்கள் நினைவுக்கு வந்ததால்தான் பூனைக்கும் 'ரெக்ஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இலத்தீனில் அச்சொல்லுக்கு அரசன் என்று பொருள். முயலைப் பற்றித் தெரியாத ஒருவர் கையில் கிடைத்திருந்தால் காலிபங்கர் ஒரு வினோதப் பூனையாக வாழ்ந்து மறைந்திருக்கும்.

மரபியல் அறிந்தவர்களின் யோசனைப்படி என்னிஸ்மோர் காலிபங்கரை அதன் தாயோடே சேர்த்தார். மீண்டும் சுருள்முடிக் குட்டிகள் பிறந்தன. இது ஒடுங்கு பண்பின் அடையாளம். பள்ளிப் பாடத்தில் மெண்டலின் பட்டாணிச் செடியைப் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: மரபணுவின் இரண்டு படிகளும் மாறியிருந்தால்தான் சுருள் வெளியே தெரியும். செரினாவிடம் ஒரு படி மறைந்திருந்தது. மகனிடம் இரண்டும் இருந்தன. ஆகவே அவற்றின் குட்டிகளில் ஏறத்தாழப் பாதி சுருளாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

தொடர்ந்து வந்த ஆண்டுகள் அவ்வளவு மகிழ்ச்சியானவை அல்ல. பூனைகளின் எண்ணிக்கை பெருகியது, செலவு தாங்கவில்லை. 1956இல் காலிபங்கரும் செரினாவும் கருணைக்கொலை செய்யப்பட்டன. பிரையன் ஸ்டர்லிங்-வெப் என்ற வளர்ப்பாளர் எஞ்சியவற்றை எடுத்து, வேறு இனப் பூனைகளோடு கலந்து பரம்பரையைக் காப்பாற்றினார். 1957இல் சில பூனைகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. அங்கே சயாமிய இனத்தோடும் பிற இனங்களோடும் கலந்து வளர்க்கப்பட்டதன் விளைவுதான் இன்று நாம் படங்களில் காணும் ஒடிசலான உருவம்.

டெவனிலிருந்து வந்த கடிதம்

1960இல், கார்ன்வாலுக்கு அடுத்த மாவட்டமான டெவனில், பக்ஃபாஸ்ட்லீ என்ற ஊரில் பெரில் காக்ஸ் என்பவர் வளர்த்த பூனைக்கு ஒரு சுருள்முடிக் கடுவன் குட்டி பிறந்தது. கைவிடப்பட்ட தகரச் சுரங்கம் ஒன்றின் பக்கம் திரிந்த சுருள்முடிக் காட்டுக் கடுவனே அதன் தந்தை என்று கருதப்பட்டது. குட்டியின் பெயர் கிர்லி. கார்ன்வால் பூனைகளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருந்த காக்ஸ், தன்னிடமும் அப்படி ஒன்று இருப்பதாகத் தெரிவித்தார்.

வளர்ப்பாளர்களுக்கு இது பெரும் நற்செய்தி. நெருங்கிய உறவுக்குள்ளேயே கலந்து கலந்து வலுவிழந்துகொண்டிருந்த கூட்டத்துக்குப் புதிய இரத்தம் கிடைத்துவிட்டது. அண்டை மாவட்டம், அதே சுருள், ஆகவே அதே மரபணுவாகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள். கிர்லியைக் கார்னிஷ் பெட்டைகளோடு சேர்த்தார்கள். தாயும் சுருள், தந்தையும் சுருள். ஆனால் பிறந்த குட்டிகள் அத்தனையும் நேர்முடி.

ஒரே மரபணுவின் குறை என்றால் எல்லாக் குட்டிகளும் சுருளாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை என்பதால் இரண்டு ஊர்ச் சுருளுக்கும் காரணம் வேறு வேறு என்பது உறுதியாயிற்று. கிர்லியின் வழி டெவன் ரெக்ஸ் என்ற தனி இனமாயிற்று. அதையும் காப்பாற்றக் கிர்லியை அதன் மகளோடே சேர்க்க வேண்டி வந்தது.

இதற்கு நேர்மாறான கதை ஜெர்மனியுடையது. போரில் சிதைந்த பெர்லினில் 1951இல் ரோஸ் ஷொயர்-கார்பின் என்ற மருத்துவர், மருத்துவமனைத் தோட்டத்தில் சுருள்முடிக் கறுப்புப் பெட்டை ஒன்றைக் கண்டு எடுத்து வளர்த்தார். 'ஆட்டுக்குட்டி' என்று பொருள்படும் லெம்ஹென் என்பது அதன் பெயர். அதன் வழிவந்த பூனைகளைக் கார்னிஷ் ரெக்ஸோடு சேர்த்தபோது குட்டிகள் சுருளாகவே பிறந்தன. அண்டை மாவட்டத்துப் பூனை அன்னியமாகவும், கடல் கடந்த பூனை உறவாகவும் ஆகிவிட்டது வேடிக்கைதான்.

சுருள் எப்படி உண்டாகிறது?

இதற்கு விருத்தாசலத்தின் பீங்கான் பட்டறைகளை நினைத்துக்கொள்வது உதவும். கடலூர் மாவட்டத்து இவ்வூர் சிறு பீங்கான் பொம்மைகளுக்குப் பெயர்பெற்றது. பொம்மை செய்பவர் களிமண் கூழை பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுகிறார். அச்சு முன்பே இறுகியிருக்கிறது. அதன் உட்சுவரில் கூழ் படிந்து அதன் வடிவைப் பெறுகிறது. பிறகு அச்சைக் கழற்றிவிடுகிறார்கள். அச்சு கோணலாக இருந்தால், மண் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பொம்மை கோணல்தான்.

மயிர்க்காலிலும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது. வளரும் முடியைச் சுற்றி 'உள்வேர் உறை' என்ற குழாய் போன்ற அடுக்கு இருக்கிறது. அது முடிக்கு முன்பே இறுகி, இளகிய நிலையில் இருக்கும் முடிக்கு வடிவம் கொடுத்து, மேலே வந்ததும் சிதைந்து உதிர்ந்துவிடுகிறது. ஒரு வேறுபாடு: பட்டறை அச்சைப் பலமுறை பயன்படுத்தலாம், உறையோ முடியோடு சேர்ந்து வளர்ந்துகொண்டே இருக்கவேண்டும்.

இந்த உறை கட்டப்படத் தேவையான கெரட்டின் புரதங்களில் ஒன்றுக்கான மரபணு கேஆர்டி71. டெவன் ரெக்ஸில் பழுதானது இதுதான் என்று 2010இல் கண்டறியப்பட்டது. முடியே இல்லாததுபோல் தோன்றும் ஸ்ஃபிங்ஸ் பூனையிலும் இதே மரபணுவில் வேறோர் இடத்தில் பழுது இருக்கிறது. கார்னிஷ் ரெக்ஸில் கெட்டுப்போனது எல்பிஏஆர்6 என்ற மற்றொரு மரபணு. மயிர்க்காலின் செல்களுக்குச் செய்தி கொண்டுசேர்க்கும் ஏற்பியை அது உருவாக்குகிறது. 2013இல் வெளியான ஆய்வு, அதில் நான்கு எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் காட்டியது. ஜெர்மன் ரெக்ஸிலும் அதே நான்கு எழுத்துகள்தான் விடுபட்டிருந்தன. மனிதர்களில் இதே மரபணு பழுதானால் கம்பளி போன்ற அடர்த்தி குறைந்த முடி உண்டாகிறது.

இப்போது கிர்லியின் நேர்முடிக் குட்டிகளுக்கு விடை கிடைக்கிறது. ஒரு பட்டறையில் அச்சுக்கான பொருள் சரியில்லை, மற்றொன்றில் அச்சு செய்யச் சொல்லும் ஆள் சரியில்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் முதல் பட்டறை நல்ல ஆளைத் தரும், இரண்டாவது நல்ல பொருளைத் தரும். அச்சு நேராகிவிடும். ஒவ்வொரு குட்டிக்கும் இரண்டு மரபணுக்களிலும் ஒரு நல்ல படி கிடைத்துவிட்டது.

சொல்லிவைக்க வேண்டிய இன்னொரு தற்செயல் உண்டு. பீங்கானுக்கு உயிரான சீனக்களிமண் கார்ன்வாலின் பெருஞ்செல்வம். போட்மின் மூரிலேயே அதைத் தோண்டியெடுத்த குழிகள் உள்ளன. பூனைக்கும் களிமண்ணுக்கும் இதனால் தொடர்பு எதுவும் இல்லை.

ஓங்கு பண்புச் சுருள்: செல்கர்க்

1987இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கிடைத்த சுருள்முடிக் குட்டி ஒன்றை, பாரசீகப் பூனை வளர்ப்பாளரான ஜெரி நியூமன் வாங்கி, தன் கறுப்புப் பாரசீகக் கடுவனோடு சேர்த்தார். முதல் ஈற்றிலேயே ஆறு குட்டிகளில் மூன்று சுருள். ஒரு படி இருந்தாலே வெளிப்படும் ஓங்கு பண்பு இது. இங்கும் பழுது கேஆர்டி71இல்தான். ஆனால் டெவனுடையதிலிருந்து வேறான பழுது. ஓரிகன் மாநிலத்தில் 1982இல் தோன்றிய லாபெர்மிலும் சுருள் ஓங்கு பண்பாகவே கடத்தப்படுகிறது.

உருவம்

கார்னிஷ் ரெக்ஸைப் பார்த்தவுடன் நம்மூர்க்காரர்களுக்குச் சிப்பிப்பாறை நாய் நினைவுக்கு வரும். அதே உள்வாங்கிய வயிறு, வளைந்த முதுகு, நீண்ட மெல்லிய கால்கள், ஆழமான மார்பு. முட்டை வடிவத் தலையில் உயரமாக நிற்கும் பெரிய காதுகள். மற்றப் பூனைகளுக்கு உள்ள முரட்டு மேல்முடி இதற்கு இல்லை. அடியில் இருக்கும் பஞ்சு போன்ற மென்முடி மட்டுமே, உடலோடு ஒட்டி, காற்று மடித்த மணல்போல வரி வரியாகக் கிடக்கும்.

டெவன் ரெக்ஸின் முகம் வேறு. அகன்ற கன்னம், குட்டை மூக்கு, தாழ்வாக அமைந்த மிகப் பெரிய காதுகள். மூவகை முடியும் இதற்கு உண்டு என்றாலும் அவை நொய்ந்தவை, எளிதில் ஒடிபவை. ஆகவே ஆங்காங்கே வழுக்கை தெரியலாம். செல்கர்க் பருத்த உருண்டை உடலும் அடர்ந்த முடியும் கொண்டது, செம்மறிக் குட்டி போலிருக்கும். அதன் குட்டிகள் சுருளோடு பிறந்து, சில மாதங்களில் சுருளை இழந்து, பிறகு மீண்டும் பெறுகின்றன. மூன்றுக்கும் பொதுவானது வளைந்த மீசை.

குணம்

கார்னிஷ் ரெக்ஸ் ஓயாத விளையாட்டுக்காரர். எறிந்த பொருளை எடுத்துவரும், உயரத்தில் தாவும், வயதான பின்னும் குட்டித்தனம் போகாது. டெவன் ரெக்ஸ் தோளில் ஏறி உட்கார்வதற்கும் தட்டில் உள்ளதைத் திருடுவதற்கும் பேர்போனது. செல்கர்க் நிதானமானது, பிடித்து மடியில் வைத்தால் இருக்கும். சுருள் மரபணு இக்குணங்களைத் தருவதாகச் சிலர் எழுதுகிறார்கள். அதை நம்புவது கடினம். செல்கர்க்கை உருவாக்கப் பாரசீகப் பூனையும் பிரிட்டிஷ் குறுமுடிப் பூனையும் சேர்க்கப்பட்டன. அவற்றின் சாந்தம்தான் அதற்கு வந்திருக்கிறது. கார்னிஷின் துறுதுறுப்பில் சயாமியப் பங்கு இருப்பதும் இயல்பே.

வளர்க்க எண்ணுவோர் அறியவேண்டியவை

'இந்தப் பூனையால் ஒவ்வாமை வராது' என்று சொல்லி விற்பது தவறு. பூனை ஒவ்வாமைக்கு முதற்காரணம் அதன் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உண்டாகும் ஃபெல் டி1 என்ற புரதம். முடி குறைவாக உதிர்ந்தாலும் அந்தப் புரதம் உண்டாகாமல் இருப்பதில்லை. ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இந்த விளம்பரத்தை நம்பிப் பூனை வாங்குவது ஆபத்து.

தொட்டால் இவற்றின் உடல் சுடுவதுபோல் இருக்கும். காய்ச்சல் என்று பதற வேண்டாம். பூனையின் இயல்பான வெப்பமே 38 முதல் 39 டிகிரி வரை. மெல்லிய முடி அதை மறைப்பதில்லை. நம் கோடைக்கு மெல்லிய முடி வசதி என்றாலும், நேர்வெயிலில் காதுகளும் தோலும் எரிந்துபோகும். ஏசி அறையிலோ குளிரால் ஒடுங்கிக்கொள்ளும். அடர்முடிச் செல்கர்க்குக்குத் தமிழ்நாட்டு மே மாதம் பெரும் சோதனை. தோலின் எண்ணெயை உறிஞ்சப் போதிய முடி இல்லாததால் டெவன் ரெக்ஸின் காதுகளிலும் விரலிடுக்கிலும் அழுக்குப் படியும். மெதுவாகத் துடைக்கவேண்டும், அழுத்தி வாரக்கூடாது.

இனப்பெருக்கம் செய்ய எண்ணினால் இரத்த வகைச் சோதனை முதலில். உலகப் பூனைகளில் பெரும்பாலானவை ஏ வகை. கார்னிஷிலும் டெவனிலும் பி வகை கணிசமாக உண்டு. பி வகைத் தாய்க்கு ஏ வகைக் குட்டி பிறந்தால், முதல் நாள் பாலில் வரும் எதிர்ப்பொருள் குட்டியின் சிவப்பணுக்களை அழிக்கிறது. நன்றாகப் பிறந்து, நன்றாகப் பால் குடித்த குட்டிகள் ஓரிரு நாளில் இறந்துவிடும். முன்பே தெரிந்தால் முதல் நாள் மட்டும் தாய்ப்பாலுக்கு மாற்றுப் பால் கொடுத்துக் காப்பாற்றலாம். டெவன் இனத்தில் பிறவித் தசைப் பலவீனமும் உண்டு. அதற்கும் மரபணுச் சோதனை வந்துவிட்டது.

தெருப்பூனையின் ஈற்றில் சுருள்முடிக் குட்டி தென்பட்டால், முதலில் படர்தாமரை, சொறி ஆகியவற்றைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி விலக்கிக்கொள்ளவேண்டும். நோயால் ஒடிந்த முடி திட்டுத் திட்டாக இருக்கும், தோல் செதில்விடும். மரபுச் சுருள் உடல் முழுக்கப் பரவியிருக்கும், மீசையும் சேர்ந்தே வளைந்திருக்கும்.