வாவிக்கரை வகுப்பறை

புதிய ஆண்டின் முதலாந் தவணை தொடங்கும் நாட்களில் மட்டக்களப்பு நகரத்துப் புத்தகக் கடைகளிலே கூட்டம் நெருங்கும். கொப்பிகளுக்கு உறை தேடும் தாய்மார் ஒருபுறம். வண்ணப் படங்களை வாங்க வரும் இளம் ஆசிரியர் மற்றொருபுறம். முதல் நியமனம் பெற்றவர் சிலர் சம்பளத்தில் ஒரு பங்கை இப்படங்களுக்கே கொடுத்துவிட்டுச் செல்வதை நாம் கண்டிருக்கின்றோம். அவற்றில் அப்பிள் இருக்கும், பனிக்கரடி இருக்கும், நம் பிள்ளைகள் நாள்தோறும் காணும் கண்டல் மரமும் இறாலும் இருப்பதரிது. படங்கள் வேண்டா என்பதன்று நம் கருத்து. காசு கொடாமற் கிடைக்கும் பெரியதோர் உபகரணம் பள்ளிக்கூடத்தின் பின்னால் அலையடித்துக் கிடக்க, அதனை மறந்து போகின்றோமே என்பதுதான் குறை.

இதைச் சொல்லும் உரிமை நமக்கு ஒரு பிழையினால் வந்தது. ஆசிரியப் பணியில் நாம் புகுந்த முதலாண்டு, படுவான்கரையில் ஒரு பாடசாலையிலே ஒலியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். இரவல் வாங்கிவந்த இசைக்கவை ஒன்று கையிலிருந்தது. கடைசி வாங்கிலிருந்து ஒரு சிறுவன் எழுந்து, “சேர், எங்கள் அப்பா சவளைத் தண்ணீரில் விட்டுக் காதை அதில் வைத்து மீன் பாடுவதைக் கேட்பார்” என்றான். “அது பாடத்தில் இல்லை, இரு” என்றோம். வகுப்புச் சிரித்தது. அன்றிலிருந்து அவன் வாய் திறக்கவில்லை. இரண்டாந் தவணையில் வரவுமில்லை. வீட்டு வறுமை அதற்குக் காரணமாயிருக்கலாம். நம் சொல்லுக்கு அதிற் பங்கில்லை என்று இன்றுவரை நம்மாற் சொல்ல முடியவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, இலங்கையிலே ஆங்கில அரசின் உயர் செயலாளராயிருந்த சேர் எமர்சன் தெனந்து 1859இல் வெளியிட்ட நூலைப் படிக்க நேர்ந்தது. அவர் 1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்து, நிலாவொளியிலே தோணியேறி வாவிக்குட் சென்றார். நீரடியிலிருந்து மெல்லிய ஓசைகள் எழக் கேட்டார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் ஒலிக்கு அதனை ஒப்பிட்டார். தோணியின் மரத்திற் காதை வைத்தபோது ஓசை மிகப் பெரிதாகக் கேட்டதாம். ஒருவகை ஊரியே இதற்குக் காரணம் என மீனவர் அவருக்குச் சொன்னார்கள். நாம் உட்காரவைத்த சிறுவன் சொன்னதும் இதுவேயன்றோ! துரைமகனார் எழுதினால் ஆராய்ச்சி. மீனவன் மகன் சொன்னால் வீண்பேச்சு.

அவன் சொன்னதில் முழுப் பாடமே அடங்கியிருந்தது. ஒலி காற்றிலே விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். நீரிலே ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும். ஆயினும் நீரிலிருந்து காற்றுக்கு ஏற முயலும் ஒலியிற் பெரும்பகுதி நீர்ப்பரப்பிலே திருப்பப்பட்டுவிடும். இடையே மரம் இருந்தால் அதன் வழியாக ஒலி நேரே காதுக்கு வந்து சேரும். பாடுவது மீனா, ஊரியா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. விடை தெரிந்த நூறு வினாக்களைக் காட்டிலும் விடை தீராத இவ்வொரு வினா வகுப்பை விழிப்பாக வைத்திருக்கும்.

காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் இவ்வோசையைப் புறக்கணிக்கவில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராயும் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாயும் விளங்கிய அவர், வாவியின் இசையை நீரரமகளிரின் பாடலாகக் கொண்டு கவிதை செய்தார். பழந்தமிழிசையைக் கணிதத்தால் அளந்து 1947இல் யாழ் நூலையும் தந்தார். அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் கல்லடி உப்போடையில், வாவிக்கு அண்மையிலேயே இருக்கின்றது.

வெளியூரிலிருந்து இங்கு நியமனம் பெற்று வரும் ஆசிரியருக்கு ஒன்று சொல்வோம். முதல் வாரத்தில் நீங்கள் பாடம் நடத்துவதினும் பிள்ளைகளின் சொற்களைக் கற்றுக்கொள்வதே நன்று. “பாதை பிந்திவிட்டது, சேர்” என்று ஒரு பிள்ளை சொன்னால், தெருவும் பிந்துமா என்று பிரம்பை எடுத்துவிடாதீர்கள். இப்பக்கத்திலே பாதை என்பது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ ஆசிரியர் மேசையில் இருக்கவேண்டிய நூல். களவெட்டியிலே நெல்லைப் பொலி என்று சொல்வது போன்ற உள்ளூர் வழக்குகள் பிழைத் தமிழல்ல என்பதை உணர அது துணைசெய்யும்.

திசைகளைக் கற்பிக்கப் படம் எதற்கு? சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை ஒவ்வொரு பிள்ளையும் தாளில் வரையட்டும். முப்பது தாள்களையும் சேர்த்து ஒட்டினால் ஊரின் வரைபடம் சுவரில் ஏறிவிடும். எந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் நடந்து வருகின்றது என்பதும் ஆசிரியருக்கு அன்றே தெரிந்துவிடும்.

மாரி மழை முற்றாக ஓயுமுன் நேரான சுவருடைய போத்தல் ஒன்றை முற்றத்தில் வைத்து, காலைதோறும் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து வரைபுத்தாளிற் குறிக்கச் செய்யலாம். வாவி நீரையும் வகுப்புக்குக் கொண்டுவரலாம். மழைவெள்ளம் கலந்த தை மாதத்து நீரை ஒரு குவளை அளந்து, தட்டில் ஊற்றி வெயிலில் வற்றவிட்டு, எஞ்சிய உப்பைத் தாளில் மடித்து நாளெழுதி வையுங்கள். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும் ஆவணியிலே அதே அளவு நீரை மீண்டும் வற்றவிட்டு, இரண்டையும் பிள்ளைகளே ஒப்பிடட்டும். நீரை அள்ளப் பெரியவர் ஒருவரையே அனுப்புக. மாரிக்கால வாவியிலே ஆழமும் இழுப்பும் உண்டு, முதலையும் உண்டு.

பெற்றோருக்கும் இதில் இடமுண்டு. சென்ற ஆண்டு தவணை தொடங்கிய இரண்டாம் வாரம், மாணவி ஒருத்தியின் தந்தையாரான மீனவரை வகுப்புக்கு அழைத்தோம். கதிரையில் அமர அவர் கூச்சப்பட்டார். தாம் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டுமே என்று இருமுறை சொன்னார். கொண்டுவந்த சவளை மேசைமேற் கிடத்தினார். இசைக்கவையைத் தட்டி அதன் காம்பைச் சவளின் ஒரு முனையில் நாம் ஊன்றினோம். மறுமுனையிற் காதை வைத்த அவர் மகள், “அப்பா, கேட்கிறது!” என்று கூவினாள். பிறகு எல்லாரும் முறைக்கு வரிசையில் நின்றார்கள். இடைவேளை மணியடித்த பின்னும் அந்த வரிசை கலையவில்லை.