துறை அறிந்து இறங்குவோம்
(மலைநடையில் ஓடை கடக்கும் முறை)

‘தீர்த்தம்’ என்றால் கோயிலில் கையில் ஊற்றும் புனித நீர் என்றே நம்மில் பலர் பொருள் கொள்கிறோம். வடமொழியில் அச்சொல்லுக்கு ஆற்றைக் கடக்கும் இடம், அதாவது துறை என்ற பொருளும் உண்டு. பிறவி என்னும் ஆற்றைக் கடக்கத் துறை அமைத்துத் தந்தவர் என்பதால்தான் எங்கள் சமயத்தில் ‘தீர்த்தங்கரர்’ என்கிறோம். தமிழிலும் ஆற்றில் இறங்கும் இடம் துறை, கல்வியின் பிரிவும் துறை. எதிலும் துறை தெரியாமல் இறங்கக் கூடாது என்பது முன்னோர் கருத்து.

பிறவி ஆற்றைப் பற்றி எழுத இம்மலரில் அறிஞர்கள் பலர் உண்டு. நான் எடுத்துக்கொண்டது மலையில் ஓடும் நிஜ ஆறு. தில்லியிலும் சண்டிகரிலும் வளர்ந்த நம்ம பிள்ளைகள் நாலு நாள் லீவு கிடைத்தால் போதும், மூட்டையைத் தூக்கிக்கொண்டு இமாசலத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். உயரம், குளிர், மூச்சுத் திணறல் எல்லாம் படித்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் வழியில் குறுக்கிடும் ஓடையைப் பற்றி, ‘முழங்கால் தண்ணிதானே’ என்று இருந்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். மணாலிக்கு அருகே ஜோப்ராவில் நடக்கத் தொடங்கி, சிக்கா, பாலு கா கேரா வழியாக, சுமார் 4,270 மீட்டர் உயரமுள்ள ஹம்ப்டா கணவாயைத் தாண்டி, ஷியா கோரு இறங்கி, லாகுல் பக்கம் சத்ருவை அடையும் பாதை பெயர் பெற்றது. அங்கிருந்து வண்டியேறி, 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை வழியாக மணாலிக்கே திரும்பினால் வட்டம் முழுமையாகிறது. இந்த வட்டத்தில், ஷியா கோருவிலிருந்து புறப்படும் காலையில் பனிக்கட்டி போன்ற ஓடையில் காலால் இறங்கிக் கடக்க வேண்டியிருக்கும். அங்கே முகாம் போட்டு, மறுநாள் காலையில் கடப்பது வழக்கம். ஏன் காலையில்?

காரணம் எளிது. உயரத்தில் பனியும் பனியாறும் வெயிலில்தான் உருகும். இரவில் உருகுவது குறையும். ஆகவே விடியற்காலையில் ஓடை மெலிந்திருக்கும். வெயில் ஏற ஏற நீர் கூடி, பிற்பகலிலும் மாலையிலும் உச்சத்தை எட்டும். காலை ஏழு மணிக்குக் கெண்டைக்கால் அளவு இருந்த அதே இடத்தில் மாலை நாலு மணிக்குத் தொடை அளவு ஓடலாம். பிற்பகலில் ஓடைக்கு வந்து சேர்ந்தால் இந்தக் கரையிலேயே தங்கி, மறுநாள் காலையில் கடக்க வேண்டும்.

மழையால் ஓடும் ஓடையின் குணம் வேறு. பம்பாய் அன்பர்கள் ஏறும் சஹ்யாத்ரி மலையிலும், நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும், மேலே பெய்த மழை சில நிமிடங்களில் கீழே வெள்ளமாக வரும். நாம் நிற்கும் இடத்தில் ஒரு தூறல்கூட இல்லாமல் இருக்கலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்ததை நாம் மறக்கக் கூடாது. இவ்வகை ஓடை சீக்கிரம் ஏறும், மழை நின்றால் சீக்கிரம் இறங்கவும் செய்யும். சில மணி நேரம் பொறுத்திருந்தால் போதும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, குச்சியும் சருகும் மிதந்து வந்தாலோ, அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டாலோ உடனே கரையேறி மேட்டுக்குப் போய்விடணும்.

மூன்றாவது வகை, அணைக்குக் கீழே உள்ள ஆறு. 2014 ஜூன் 8 அன்று மண்டி மாவட்டத்தில் லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரில், பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்றிருந்த ஐதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டனர். அங்கே மழையும் இல்லை, பனி உருகியதும் காரணமில்லை. அணைக்குக் கீழே ஆற்றுக்குள் இறங்கவே கூடாது.

இனி, இடம் பார்ப்பது எப்படி? பாதை ஓடையைத் தொடும் இடமே நல்ல துறை என்று எண்ண வேண்டாம். கரையோடு மேலும் கீழும் நடந்து பாருங்கள். ஆறு அகன்று, பல கிளையாகப் பிரிந்து ஓடும் இடம் ஆழம் குறைந்தது. குறுகிய இடம் பார்க்கச் சுலபம். ஆனால் அதே நீர் அந்தச் சந்துக்குள் புகவேண்டியிருப்பதால் ஆழமும் வேகமும் கூடும். வளைவில் வெளிப்பக்கம் ஆழம் அதிகம். முக்கியமாக, கடக்கும் இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கணும். அருவியோ, பெரும்பாறையோ, விழுந்த மரமோ இருந்தால் அந்த இடம் வேண்டாம். மரக்கிளைகள் நீரை விட்டுவிட்டு மனிதனைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வேகம் பார்க்க ஒரு குச்சியை எறிந்து, கரையில் அதோடு நடந்து பாருங்கள். சாதாரண நடையில் உங்களால் அதற்கு ஈடுகொடுக்க முடியாவிட்டால் இறங்க வேண்டாம். வேகம் இரண்டு மடங்கானால் நீர் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோ என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேகமான நீர் முழங்காலுக்கு மேல் வந்தால் பலசாலியும் நிற்க முடியாது.

இறங்கும் முறைக்கு வருவோம். செருப்பில்லாமல் இறங்காதீர்கள், குளிரில் பாதம் மரத்துவிடும், கல் குத்தினாலும் தெரியாது. பூட்ஸோ, வார் கட்டிய செருப்போ காலில் இருக்கட்டும். ஹவாய் செருப்பு உதவாது. முதுகுப் பையின் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ வேண்டும். உறுதியான தடி ஒன்றை நீர் வரும் பக்கம் ஊன்றி, முகத்தை மேல்நீர்ப் பக்கம் திருப்பி, பக்கவாட்டில் சிறு சிறு அடியாக நகருங்கள். தடி, இரண்டு கால் என்ற மூன்றில் இரண்டு எப்போதும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். வழுக்குப் பாறைமேல் தாவவே வேண்டாம்.

பலர் சேர்ந்து போனால், தோளோடு தோள் பிணைத்து, வரிசை நீரோட்டத்துக்கு இணையாக இருக்கும்படி நின்று, பலமானவர் மேல்நீர்ப் பக்கமும், குழந்தைகளும் மெலிந்தவர்களும் நடுவிலுமாக ஒன்றாகக் கடக்கலாம். முதலில் நிற்பவர் உடைக்கும் நீரின் நிழலில் மற்றவர் நடக்கிறார்கள். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்வது தவறு. விழுந்தவரைக் கயிறே நீருக்குள் அழுத்திவிடும்.

தப்பித்தவறி விழுந்துவிட்டால், பையை உதறி, மல்லாந்து, கால்கள் கீழ்நீர்ப் பக்கம் நீட்டியிருக்க மிதந்து, கரையை நோக்கிக் கையால் துழாவுங்கள். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் பாதம் சிக்கிக்கொள்ளும். கரையேறியதும் ஈரத் துணியை மாற்றி, சூடாக ஏதாவது குடிக்கணும்.

எங்கள் முனிவர்களுக்கு ‘ஈர்யா சமிதி’ என்றொரு ஒழுக்கம் உண்டு: நான்கு முழம் முன்னே தரையைப் பார்த்து நடப்பது. மழைக்காலம் நான்கு மாதமும் பயணமே கூடாது, ஓரிடத்தில் தங்க வேண்டும். தமிழ்ச் சமணராகிய நாங்கள் திகம்பரர். சுவேதாம்பரரின் ஆசாராங்க சூத்திரத்திலோ, முழங்கால் அளவு நீரைத் துறவி கடக்க நேர்ந்தால் ஒரு காலை நீரில் வைத்து மறு காலைத் தூக்கி நிதானமாகச் செல்ல வேண்டும் என்ற விதியே இருக்கிறது. நீரில் வாழும் உயிர்களுக்காக ஏற்பட்ட விதிகள் இவை. நடப்பவன் உயிரையும் அவையே காக்கின்றன.

இதையெல்லாம் நான் படித்தது பின்னால்தான். 1998 ஜூனில் நண்பர்கள் மூவரோடு இமாசலத்தில் நடந்தபோது, பிற்பகல் மூன்று மணிக்கு ஓர் ஓடைக்கு வந்தோம். வழிகாட்டிப் பையன் ‘நாளைக் காலையில் போகலாம், சேட்ஜி’ என்றான். மறுநாள் இரவு எனக்குக் கடையில் சரக்கு இறங்க வேண்டியிருந்தது. ‘தண்ணி முழங்கால்தான், வா’ என்று நானே முதலில் இறங்கினேன். பின்னால் வந்த நண்பர் நடுவில் சறுக்கினார். இடுப்பு வார் பூட்டியிருந்தது. பை அவரைக் குப்புறப் புரட்டியது. இருபது அடி தள்ளி ஒரு பாறை தடுத்ததால் பிழைத்தார், மணிக்கட்டு முறிந்தது. அந்தக் கை இன்றும் முழுசாக மடங்காது. சரக்கு லாரி இரண்டு நாள் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன். ஒரு நாள் காத்திருந்தால் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு. திரும்பி வந்தால் டிக்கெட் காசு. அந்த நஷ்டத்தை அடுத்த மாதமே ஈடுகட்டிவிடலாம். ஆகையால் பிள்ளைகள் மலைக்குக் கிளம்பும்போது, ‘எப்படா வருவே?’ என்று நாள் குறித்துக் கேட்காதீர்கள். ‘ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லைப்பா’ என்று சொல்லி, அதற்கான பணத்தையும் பையில் வைத்து அனுப்புங்கள்.